சுண்ணாம்பு மண்ணில் விளைந்த சுவை

திராட்சை இரசம் என்ற சொல் நம் செவியில் இரு விதமாக ஒலிக்கின்றது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பலிபீடத்தின்மீது குருவானவர் காணிக்கையாக ஏந்தும் கிண்ணத்தை நினைக்கும்போது, அது புனிதமான சொல். சனிக்கிழமை மாலையில், வாரக்கூலியைக் குடியில் தொலைத்துவிட்டுத் தள்ளாடி வரும் தந்தையை எண்ணிக் கதவோரம் அஞ்சி நிற்கும் பிள்ளைகளை நினைக்கும்போது, மதுவின் இனத்தைச் சேர்ந்த எந்தச் சொல்லும் நமக்குக் கசப்பானதே. இவ்விரண்டு நினைவுகளும் ஒரே குடும்பத்தில், ஒரே உள்ளத்தில் இருத்தல் கூடும். ஆகவே, பிரான்சு நாட்டின் சிறந்த வெண் திராட்சை இரசத்தைப் பற்றி இம்மாதம் எழுதப் புகுந்த நமக்குத் தயக்கம் இல்லாமல் இல்லை.

ஆயினும் எழுதத் துணிந்தோம். காரணம் உண்டு. புனிதர்களின் வரலாற்றைப் படிக்கும் வாசகர் பலர், “துறவியர் திராட்சைத் தோட்டம் பயிரிட்டனர், நிலவறையில் இரசத்தைப் பாதுகாத்தனர் என்று அடிக்கடி வருகின்றதே, மடத்துக்கும் மதுவுக்கும் என்ன உறவு?” என்று கேட்பதுண்டு. நேர்மையான கேள்வி. அதற்கு விடை காண நாம் ஏட்டுக் கருத்துகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. பிரான்சில் ஷப்லி என்று ஒரு சிற்றூர் இருக்கின்றது. அதன் கதையே விடை.

வெறிக்காகக் குடிப்பவனுக்கு ஷப்லியின் இரசத்தில் கிடைப்பது ஒன்றுமில்லை. வலிமையால் அன்று, தெளிவால் பெயர் பெற்றது அது. மிகுதியால் அன்று, அளவால் உயர்ந்தது. அதை இவ்வூர் மக்கள் எத்தகைய உழைப்பாலும் இழப்பாலும் காத்து வந்தனர் என்று அறிந்தால், ஒரு பொருளின் அருமை எங்கிருந்து பிறக்கின்றது என்பது நமக்கு விளங்கும்.

சிப்பிகள் உறங்கும் குன்று

பாரிஸ் மாநகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் சென்றால், யோன் மாவட்டத்தில் ஷப்லியை அடையலாம். பர்கண்டி என்னும் புகழ்பெற்ற திராட்சை நாட்டின் வடகோடி அது. ஊரின் நடுவே செரேன் என்ற சிற்றாறு ஓடுகின்றது. செரேன் என்றால் ‘அமைதியானது’ என்று பொருள். ஆற்றின் இரு கரைகளிலும் மெல்ல உயரும் குன்றுகள். அக்குன்றுகளின் சரிவுகளில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். திராட்சை நன்கு கனிவதற்குப் போதிய வெயில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஆண்டுதோறும் ஐயுறத்தக்க குளிர்ப் பகுதி அது.

அங்குள்ள மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் வியப்படைவர். சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் கலந்த வெளிறிய மண். கல்லை உடைத்தால் உள்ளே காற்புள்ளி போன்று வளைந்த சின்னஞ்சிறு சிப்பிகள் ஆயிரக்கணக்கில் பதிந்து கிடக்கின்றன. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அவ்விடம் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலாக இருந்தது. அக்கடலடியில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளே இன்று கல்லாகிக் கொடிகளின் வேருக்கு இடம் தருகின்றன. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள கிம்மரிட்ஜ் என்ற கிராமத்தில் இத்தகைய பாறையை முதலில் ஆராய்ந்து பெயரிட்டதால், ஷப்லியின் மண்ணும் ‘கிம்மரிட்ஜியன்’ என்றே வழங்கப்படுகின்றது.

கோதுமை பயிரிடுவோர் விரும்பும் கொழுத்த மண் அன்று இது. கொழுத்த மண்ணில் திராட்சைக் கொடி இலையும் தழையுமாகச் செழிக்கும். பழமோ நீர்த்துப் போகும். வறண்ட, கல் நிறைந்த சரிவில் கொடி தன் வேரை ஆழமாகச் செலுத்தி உழைக்க வேண்டும். பழம் குறைவாகத்தான் காய்க்கும். ஆனால் அதில் சாரம் இருக்கும். நல்ல இரசத்தின் முதற்பாடம் இங்கேயே தொடங்கிவிடுகின்றது. 

துறவியரின் கைவண்ணம்

ஒன்பதாம் நூற்றாண்டில் வடதிசைக் கடற்கொள்ளையர் லுவார் ஆற்றின் வழியாக உட்புகுந்து கோவில்களையும் மடங்களையும் சூறையாடினர். தூர் நகரில் புனித மார்ட்டினின் கல்லறையைக் காத்து வந்த துறவியர் தஞ்சம் தேடி அலைந்தனர். 867-ஆம் ஆண்டில் சார்லஸ் மன்னர் ஷப்லியில் இருந்த சிறு மடத்தை அவர்களுக்கு வழங்கினார். ஊரின் பழைய கோவில் இன்றும் புனித மார்ட்டினின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பின்னர் 1114-ஆம் ஆண்டில், ஷப்லிக்கு வடக்கே சில கல் தொலைவில், சிஸ்தர்சியன் சபையார் பொன்தீஞி மடத்தை நிறுவினர். சித்தோ என்னும் தாய்மடத்திலிருந்து பிறந்த இரண்டாம் மகள்மடம் அது. இங்கிலாந்து மன்னரின் சினத்துக்கு அஞ்சி நாடு துறந்த பேராயர் தாமஸ் பெக்கெட் 1164 முதல் 1166 வரை இங்குத்தான் புகலிடம் பெற்றார். கான்டர்பரியின் மற்றொரு பேராயரான புனித எட்மண்டின் உடலும் இம்மடத்துக் கோவிலில்தான் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

சிஸ்தர்சியன் துறவியர் கையுழைப்பைச் செபத்துக்கு அடுத்த கடமையாகக் கொண்டவர்கள். திருப்பலிக்கு இரசம் வேண்டும். விருந்தினரை உபசரிக்க வேண்டும். நோயுற்றோரைப் பேண வேண்டும். ஆகவே அவர்கள் ஷப்லிச் சரிவுகளில் கொடிகளை நட்டனர். ஊருக்குள் அவர்கள் கட்டிய நிலவறைக்குச் ‘சிறிய பொன்தீஞி’ என்று பெயர். அக்கட்டடம் இன்றும் நிற்கின்றது. இப்பகுதியின் திராட்சைத் தொழிலை ஒழுங்குபட வளர்த்தவர்கள் இத்துறவியரே என்று மரபு கூறும்.

ஒரு தனி மனிதனின் வாழ்நாள் முடிந்துவிடும். மடத்தின் வாழ்நாளோ நூற்றாண்டுகளாக நீளும். எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகின்றது, எந்தத் துண்டு நிலத்தின் பழம் முந்திக் கனிகின்றது, எந்த இடத்து இரசம் பத்தாண்டு கழிந்தும் கெடாமல் நிற்கின்றது என்பதையெல்லாம் ஒரு தலைமுறைத் துறவியர் கண்டு, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிச் சென்றனர். பிரான்சின் உயர்ந்த இரசங்கள் உற்பத்தியாளரின் பெயரைவிட நிலத்தின் பெயரைப் பெரிதாகத் தாங்கி வருவதற்கு இந்தப் பொறுமையான கவனிப்பும் ஒரு காரணம்.

அத்துறவியருக்கு அளவும் வகுக்கப்பட்டிருந்தது என்பதை மறத்தலாகாது. அவர்கள் பின்பற்றிய புனித ஆசீர்வாதப்பரின் சட்ட நூல், தன் நாற்பதாம் அதிகாரத்தில், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ‘ஹெமினா’ என்று வரையறுக்கின்றது. அது ஒரு சிறு குவளையளவே. அடியோடு விலக்கும் வரம் பெற்றோர் விலக்குவதே மேல் என்றும், பருகுவோர் நிறைவெறிக்குச் செல்லலாகாது என்றும் அந்நூல் கற்பிக்கின்றது. மடத்துக்கும் மதுவுக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு இதுவே விடை: உழைப்பும் அளவும்.

ஏழைத் தாய்க்குப் பிறந்த கொடி

ஷப்லியில் ஒரே ஒரு திராட்சை இனத்துக்குத்தான் இடம் உண்டு. அதன் பெயர் ஷார்தொனே. பச்சையும் பொன்னிறமும் கலந்த சிறு பழங்களைக் கொண்ட இது, இன்று உலகெங்கும் பயிராகின்றது. அரச குலத்துத் திராட்சை என்றே பலரும் இதனைப் போற்றுவர். ஆனால் 1999-ஆம் ஆண்டில் அறிவியலார் மரபணுச் சோதனை நடத்தி இதன் பெற்றோரைக் கண்டுபிடித்தபோது உலகம் வியந்தது. ஒரு பக்கம் பினோ என்னும் உயர்குலத் திராட்சை; மறுபக்கம் குவே என்னும் திராட்சை. குவே, ஏழைக் குடியானவர்கள் தங்கள் வீட்டுத் தேவைக்காக வளர்த்த, எவரும் மதிக்காத இனம். மட்டமானது என்று சொல்லிச் சில இடங்களில் அதைப் பயிரிடவே தடை விதித்தனர். அந்த எளிய கொடியின் வழியாகவே இன்று உலகம் மெச்சும் ஷார்தொனே பிறந்தது. குலம் பேசி மனிதரை எடைபோடும் பழக்கம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இச்செய்தியைச் சொல்லலாம்.

வெண் இரசம் எவ்வாறு உருவாகின்றது என்பதையும் சுருக்கமாகக் காண்போம். கறுப்புத் திராட்சையைத் தோலோடு சேர்த்து நொதிக்க விடுவதால் செந்நிற இரசம் கிடைக்கின்றது. வெண் இரசத்துக்கோ, பறித்த பழத்தை உடனே பிழிந்து, தோலை நீக்கி, தெளிந்த சாற்றை மட்டும் நொதிக்க விடுவர். சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாராயச் சத்தாக மாற்றுகின்றது. பின்னர் இரசம் பல மாதங்கள் எஃகுத் தொட்டியிலோ ஓக் மரப்பீப்பாயிலோ அமைதியாகத் தெளிகின்றது. தோலின் துவர்ப்பும் நிறமும் இல்லாததால், வெண் இரசத்தில் எந்தக் குறையையும் மறைக்க இயலாது. அழுகிய பழம் ஒன்று கலந்தாலும், தொட்டியில் அழுக்கு இருந்தாலும் அது சுவையில் காட்டிக் கொடுத்துவிடும்.

தெளிவின் சுவை

அப்படியானால் ஷப்லியின் சிறப்புத்தான் என்ன? அதன் நிறம் வெளிறிய பொன். ஓரத்தில் மெல்லிய பச்சைச் சாயல். மணமோ எலுமிச்சையையும், பச்சை ஆப்பிளையும், மழையில் நனைந்த கல்லையும் நினைவூட்டும் என்பர். சிக்கிமுக்கிக் கல்லை உரசியவுடன் எழும் மணம் என்று அவ்வூரார் சொல்வதுண்டு. நாவில் இனிப்பு இராது. கூர்மையான ஒரு புளிப்பு நாவைத் துலக்கும். விழுங்கிய பின் கடற்காற்றின் உப்பைப் போன்ற ஒன்று சற்று நேரம் தங்கும். சிப்பி, மீன், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு அதைப் பரிமாறுவர். உணவை அடக்கி ஆளாமல், அதன் சுவையை எடுத்துக் கொடுப்பது அதன் குணம்.

கல்லின் சத்தே வேர் வழியாக ஏறிப் பழத்தில் சுவையாகின்றது என்று முன்னாளில் நம்பினர். இன்றைய நிலவியலார் அதை ஒப்புவதில்லை. கல்லுக்கு அத்தகைய மணமும் சுவையும் இல்லை. சிப்பியின் சுவை கொடியில் ஏறுவதுமில்லை. மண் நீரை எவ்வளவு தேக்குகின்றது, எவ்வளவு வடித்துவிடுகின்றது, சரிவு வெயிலை எவ்வாறு ஏற்கின்றது, இரவுக் குளிர் பழத்தின் புளிப்பை எவ்வளவு காக்கின்றது என்பனவே சுவையை உருவாக்கும் காரணங்கள் என்று அவர்கள் விளக்குகின்றனர். எவ்வாறாயினும் இடம் மாறினால் சுவை மாறுகின்றது என்பது மட்டும் உறுதி.

இதனால்தான் ஷப்லியின் இரசங்களை நிலத்தின் தரத்தை வைத்து நான்கு படிகளாகப் பிரித்துள்ளனர். மேட்டுநிலத்தில் விளைவது ‘பெத்தி ஷப்லி’, அதாவது சிறிய ஷப்லி. அதற்கு மேல் ஷப்லி. அதற்கும் மேல் ‘பிரெமியே கிரூ’ எனப்படும் முதல்தர நிலங்கள். உச்சியில் ‘கிரான் கிரூ’. ஆற்றின் வலக்கரையில், தென்மேற்கு நோக்கி வெயிலை ஏற்கும் ஒரே குன்றின்மீது, சுமார் 250 ஏக்கர் பரப்பில் அடங்கும் ஏழு துண்டு நிலங்களே கிரான் கிரூ ஆகும். பிளான்ஷோ, பூக்ரோ, லே குளோ, கிரனூய், பிரேஸ், வால்மூர், வோதெஸீர் என்பன அவற்றின் பெயர்கள். இவற்றுள் கிரனூய் என்றால் ‘தவளைகள்’ என்று பொருள். ஆற்றங்கரைக்கு அண்மையில் இருப்பதால் வந்த பெயர் போலும்! 1938 முதல் இவ்வெல்லைகளைச் சட்டம் காத்து வருகின்றது. எந்த இனம் நடலாம், ஒரு ஹெக்டேரில் எவ்வளவு விளைவிக்கலாம் என்பதையும் சட்டமே வரையறுக்கின்றது. மிகுதியாக விளைவித்துப் பெயரைக் கெடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

பிரான்சின் மற்ற உயர்ந்த வெண் இரசங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பர்கண்டியின் தென்பகுதியில் மோன்ராஷே என்னும் நிலம் உண்டு. அங்கும் ஷார்தொனேதான், ஆனால் அதன் இரசம் கனமும் செறிவும் கொண்டது. நிலமோ 20 ஏக்கர் அளவே. அதன் புகழ் எத்தகையதெனில், அதைப் பங்கிட்டுக் கொண்ட பூலிஞி, ஷசாஞ் என்னும் இரு கிராமங்களும் 1879-இல் தங்கள் பெயரோடு மோன்ராஷே என்ற பெயரையும் சேர்த்துக் கொண்டன. தென்மேற்கே போர்தோ பகுதியில் உள்ள சோத்தேர்ன் ஊரிலோ, இலையுதிர் காலத்து மூடுபனியில் பழத்தின்மேல் ஒருவகைப் பூஞ்சணம் படர்கின்றது. அது நீரை வற்றச் செய்து இனிப்பைச் செறிவாக்குகின்றது. பறிப்போர் ஒரே தோட்டத்துக்குப் பலமுறை திரும்பி வந்து, உரிய பக்குவம் அடைந்த பழங்களை மட்டும் பொறுக்கி எடுப்பர். அங்குள்ள இக்கேம் மாளிகையில் ஒரு கொடிக்கு ஒரு கண்ணாடிக் குவளை இரசமே கிடைக்கும் என்பர். ஷப்லியின் கூர்மை, மோன்ராஷேயின் செறிவு, சோத்தேர்னின் இனிமை என மூன்றும் மூன்று குணங்கள். ஆயினும் மூன்றுக்கும் பொதுவானது ஒன்று: குறைந்த விளைச்சல், நீண்ட காத்திருப்பு.

பூச்சியும் இரயிலும் போரும்

இத்தகைய ஊர் எப்போதும் செல்வத்தில் மிதந்திருக்கும் என்று நினைத்தல் தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யோன் மாவட்டம் முழுவதிலும் ஏறத்தாழ 40,000 ஹெக்டேரில் திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. பாரிஸ் மாநகரின் தாகத்தை அவையே தணித்து வந்தன. பின்னர் தெற்கேயிருந்து இரயில் பாதை வந்தது. வெயில் மிகுந்த தென்னாட்டின் மலிவான இரசம் பாரிஸை எளிதில் அடைந்தது. அதே காலத்தில் பைலாக்சரா என்னும் சிறு பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து, கொடிகளின் வேரைத் தாக்கிப் பிரான்சு நாட்டின் தோட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தது. 1880-களில் அது ஷப்லிப் பகுதியையும் எட்டியது. அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதே முடிவில் கண்ட பரிகாரம். நோய் எந்த நாட்டிலிருந்து வந்ததோ, அதே நாட்டிலிருந்தே மருந்தும் வந்தது. இன்றும் ஷப்லியின் கொடிகள் பெரும்பாலும் அயல்நாட்டு வேரின்மீதுதான் நிற்கின்றன.

முதல் உலகப்போர் உழைக்கும் இளைஞரைக் கொண்டு சென்றது. மீதி இருந்த சிறு உழவர்கள் வியாபாரிகள் சொன்ன விலைக்கே இரசத்தை விற்க வேண்டிய நிலை. அந்த இருண்ட நாள்களில், 1923-ஆம் ஆண்டில், அபே பாலித்ரான் என்ற பங்குக் குருவானவரின் முயற்சியால் உழவர்கள் ஒன்றுகூடி ‘லா ஷப்லிசியன்’ என்ற கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். தனித்தனியே நின்றால் வீழ்வோம், கூடி நின்றால் விலை சொல்லலாம் என்ற எளிய எண்ணமே அதன் அடிப்படை. நூறு ஆண்டுகளைக் கடந்தும் அச்சங்கம் உயிரோடு உள்ளது. ஷப்லியின் மொத்த விளைச்சலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இன்று அதன் வழியாகவே வெளிவருகின்றது. மறையுரையோடு நின்றுவிடாமல், மக்களின் அடுப்பெரிய வழிகண்ட அக்குருவானவரை நாம் நன்றியோடு நினைவுகூர்தல் தகும்.

1940 ஜூன் மாதத்தில் விமானக் குண்டுவீச்சு ஊரின் நடுப்பகுதியை இடித்துத் தள்ளியது. 1950-களின் நடுவில் ஷப்லியில் எஞ்சிய தோட்டம் சுமார் 500 ஹெக்டேர் மட்டுமே. இன்று அது 5,000 ஹெக்டேருக்கும் மேலாகப் பெருகியுள்ளது. அந்த மீட்சிக்குக் காரணமானவர்கள், உறைபனியோடு போராடக் கற்றுக்கொண்ட மக்களே.

விளக்கெரியும் தோட்டங்கள்

ஷப்லியின் கொடும்பகைவன் வசந்தகால உறைபனி. கவாத்து செய்த கொடி மார்ச்சு இறுதியிலும் ஏப்ரலிலும் துளிர்விடத் தொடங்கும். அந்த இளந்துளிரில்தான் அவ்வாண்டின் பழம் முழுவதும் அடங்கியுள்ளது. தெளிந்த வானம் உள்ள ஓர் இரவில் குளிர் சுழிக்குக் கீழே இரண்டு பாகை இறங்கினால் போதும். விடியும்போது துளிர்கள் கருகித் தொங்கும். ஓராண்டு உழைப்பு ஓர் இரவில் போய்விடும். மே மாதம் 11, 12, 13 ஆகிய நாள்களில் வரும் புனித மமெர்த்துஸ், புனித பங்கிராசியுஸ், புனித செர்வாசியுஸ் ஆகியோரை ஐரோப்பிய உழவர்கள் ‘பனிக்கட்டிப் புனிதர்கள்’ என்று அழைக்கின்றனர். அவர்தம் திருநாள்கள் கடந்த பின்னரே பனியச்சம் நீங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அதுவரை யாரும் நிம்மதியாக உறங்குவதில்லை. குளிர்மானி எச்சரித்தவுடன் நள்ளிரவில் குடும்பம் குடும்பமாகத் தோட்டத்துக்கு விரைகின்றனர். வாளி வாளியாக வைத்த மெழுகுத் தீபங்களைக் கொடிகளுக்கு நடுவே ஏற்றுகின்றனர். ஒரு ஹெக்டேருக்கே நூற்றுக்கணக்கில் தேவை. இருளில் குன்று முழுவதும் சுடர்விடும் காட்சியைத் தொலைவிலிருந்து காண்போர் திருவிழா என்று எண்ணுவர். அருகில் நிற்போரின் முகத்திலோ கவலையே தெரியும்.

மற்றொரு முறை இன்னும் வியப்பானது. தோட்டத்தில் குழாய்களை அமைத்துத் துளிர்களின்மேல் இரவெல்லாம் நீரைத் தெளிக்கின்றனர். நீர் துளிரைச் சுற்றி உறைந்து கண்ணாடிக் கூடு போல ஆகின்றது. நீர் உறையும்போது தன்னுள் அடங்கிய வெப்பத்தை வெளிவிடுவதால், கூட்டுக்குள் இருக்கும் துளிர் சுழிப் பாகைக்கு அருகிலேயே நின்று பிழைக்கின்றது. பனிக்கட்டியே துளிருக்குப் போர்வையாகின்றது! ஆனால் தெளிப்பு நடுவில் நின்றுவிட்டால் அழிவு முன்னதைவிடக் கொடியது. வெயில் ஏறிப் பனி உருகும்வரை ஓயாமல் காவல் இருக்க வேண்டும்.

உலகம் வெப்பமாகி வருவதால் குளிர்நாட்டு உழவர்க்கு நன்மையே என்று நினைப்போம். உண்மை வேறு. மார்ச்சு மாதம் சூடாக இருப்பதால் கொடி முந்தித் துளிர்க்கின்றது. ஏப்ரல் பனியோ தன் வழக்கத்தை விடவில்லை. 2016-லும் 2021-லும் ஷப்லி இதனால் பேரிழப்பைக் கண்டது. 2024-ஆம் ஆண்டு மே முதல் நாளில் கல்மழை பொழிந்து பல தோட்டங்களைச் சிதைத்தது. அறுவடையும் முன்னாள்களைவிட முந்தி வருகின்றது. வெயில் மிகுந்தால் பழத்தின் இனிப்பு கூடும், புளிப்பு குறையும். அக்கூரிய புளிப்புத்தானே ஷப்லியின் உயிர்? தங்கள் பிள்ளைகள் காலத்திலும் இந்தச் சுவை நிலைக்குமா என்பதே இன்று அவ்வூர்ப் பெரியவர்களின் கவலை.

பெயரைக் காத்தல்

இயற்கையோடு மட்டுமன்று, மனிதரோடும் அவர்கள் போராட நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில், ஷார்தொனேயில் ஒரு துளியும் இல்லாத மலிவான வெண் இரசங்களையெல்லாம் பெரிய குடுவைகளில் அடைத்து ‘ஷப்லி’ என்று பெயரிட்டு விற்றனர். சிப்பி மண்ணும் இல்லை, பனிக்காவலும் இல்லை. பெயர் மட்டும் உண்டு. 2006-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, புதிதாக எவரும் அப்பெயரைப் பயன்படுத்தலாகாது என முடிவாயிற்று. முன்னரே பயன்படுத்தி வந்தவர்க்கோ விலக்கு அளிக்கப்பட்டது. நற்பெயரைச் சேர்க்கத் தலைமுறைகள் தேவை. அதைத் திருடச் சிறு சீட்டு ஒன்று போதும் என்பது எத்துணை உண்மை!

அளவே அழகு

இவ்வளவு சொல்லிய பின்னர், தொடக்கத்தில் நாம் கூறிய தயக்கத்துக்குத் திரும்புவோம். நம் இல்லங்களில் இத்தகைய இரசத்தை வாங்கிப் பருக வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. மது எந்த அளவிலும் உடலுக்குத் தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை என உலக நலவாழ்வு நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் தெளிவாக அறிவித்துள்ளது. கருவுற்ற தாய்மார், வளரும் பிள்ளைகள், குடியின் பிடியிலிருந்து மீண்டவர் ஆகியோருக்கு ஒரு துளியும் ஆகாது. திராட்சை இரசத்தைத் தன் பண்பாட்டின் பகுதியாகக் கொண்ட பிரான்சிலேயே மக்கள் குறைத்துக் கொண்டு வருகின்றனர். 1960-களில் ஒருவர் ஆண்டுக்கு நூறு லிட்டருக்கும் மேல் பருகிய நாட்டில், இன்று அதில் பாதிகூட இல்லை. 1991-ஆம் ஆண்டின் சட்டம் மதுவிளம்பரங்களுக்குக் கடுமையான எல்லை வகுத்துள்ளது. நாளும் நிறையக் குடித்த தந்தையரின் பிள்ளைகள், எப்போதாவது ஒருநாள், குடும்பத்தோடு உண்ணும் வேளையில், ஒரு குவளையோடு நிறுத்திக் கொள்கின்றனர்.

குடிக்கும் இரசத்துக்கும் பண்பட்ட இரசத்துக்கும் இடையே உள்ள வேற்றுமை இங்கேதான் விளங்குகின்றது. முன்னது தன்னை மறக்கச் செய்வது. அதனால் அதன் சுவையைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. பின்னதோ கவனத்தை வேண்டுவது. அதை மடமடவெனக் குடிப்பவன் அதன் சிறப்பை இழந்தே விடுகின்றான். மடத்துத் துறவியின் சிறு குவளை, சட்டம் வரையறுத்த விளைச்சல், பனியில் உறங்காத உழவன் ஆகிய எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. அருமையானது அளவானது; அளவை மீறும்போது அதே பொருள் அழிவாகின்றது.

இந்தப் பொருளுக்குத் திருச்சபை தன் உச்ச வழிபாட்டில் இடம் அளித்திருக்கின்றது. திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்தே இயற்கையாகப் பெறப்பட வேண்டும், கெட்டதாக இருத்தலாகாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 924-ஆம் பிரிவில் கூறுகின்றது. செந்நிறமும் ஏற்புடையது, வெண்ணிறமும் ஏற்புடையது. திருத்துகிலில் கறை படியாததால் வெண்ணிற இரசத்தையே பயன்படுத்தும் குருக்கள் பலர். அடுத்த ஞாயிறன்று அச்சிறு குப்பியைக் காணும்போது, அதன் பின்னே கல்மண்ணில் வேரூன்றிய ஒரு கொடியும், நள்ளிரவில் விளக்கேற்றிய ஒரு குடும்பமும் இருக்கக்கூடும் என்பதை நினைப்போம். ‘மனித உழைப்பின் பயன்’ என்று நாம் காணிக்கையாக்குவது வெறும் சொல் அன்று.

குடியால் நொந்த இல்லத்தில் இக்கட்டுரையைப் படிக்கும் அன்னையரும் இருப்பர் என்பதை நாம் அறிவோம். அவர்களிடம் ஒன்று சொல்லி முடிக்கின்றோம். ஷப்லியின் மக்கள் பூச்சியிடம் தோற்றனர், சந்தையிடம் தோற்றனர், போரில் வீடிழந்தனர். தோட்டம் முன்பிருந்ததன் சிறு துண்டாய்ச் சுருங்கியது. ஆனாலும் எஞ்சிய துளிரைக் காப்பதற்காக நள்ளிரவில் எழுந்தனர். தனியாக அல்ல, அண்டை வீட்டாரோடு சேர்ந்து எழுந்தனர். காக்கத் தகுந்த துளிர் ஒவ்வோர் இல்லத்திலும் உண்டு. பனி பெய்யும் இரவில் அண்டை வீட்டில் விளக்கெரியக் கண்டால், நாமும் எழுந்து செல்வோமாக.